புளிக்கடை மெயிலுக்குப் போட்ட காவல்

டிங்.

அடுக்களையிலிருந்து சத்தம் வந்ததும் அருள்நாதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ராஜமேரியின் போனுக்கு ஓடிபி வந்துவிட்டது.

"மேரி, அந்த நம்பரைச் சொல்லு."

"எதுக்குங்க?"

"நம்ம கடை மெயிலெல்லாம் பெங்களூர்ல ஸ்பாம்ல போய் விழுவுதில்ல? சரி பண்றேன்."

"சொல்றன். மொதல்ல வந்து பாலை எறக்குங்க, பொங்குது."

பாலை இறக்கிவிட்டு நம்பரை வாங்கிக்கொண்டு வந்தான். பொங்கியது என்னவோ அவன் மனசுதான்.

கடத்தூரில் அவர்கள் வீட்டு முன்னறைதான் ராஜமேரி புளிக்கடை. அவள் ஃபேனுக்குக் கீழே சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பெங்களூர்க் கடைகளுக்கு மெயில் அடிப்பாள். மாங்கூழ் ஆலையில் ராத்திரிக் காவல் முடித்து வரும் அருள்நாதன், அறை மூலையில் புளிக் கொட்டை தட்டுவான். "கொஞ்சம் தட்டிட்டுப் படுத்துக்குங்க" என்பாள். அந்தக் கொஞ்சம் மூட்டையின் அடியைத் தொடும்வரை நீளும். ஊரெல்லாம் விழித்திருக்கும்போது தூங்கப் போகிறவனை ஊரும் மதிப்பதில்லை, வீடும் மதிப்பதில்லை.

ஆலை வாசலில் தனியாக உட்கார்ந்து வீடியோ பார்த்துப் பார்த்து அவன் ஒரு வித்தையைக் கற்றிருந்தான். கடையின் இணையப் பெயருக்கு, அதாவது டொமைனுக்கு, ஒரு பதிவு எழுதலாம். எங்கள் பெயரில் இந்த சர்வரிலிருந்து வந்தால்தான் அசல் மெயில், மற்றதெல்லாம் போலி, வாசலோடு திருப்பி அனுப்பு என்று. யோக்கியர்கள் இதைத் திருடனைத் தடுக்க எழுதுவார்கள். அருள்நாதன் பெண்டாட்டியைத் தடுக்க எழுதினான்.

தான் புதிதாகச் சேர்ந்த மெயில் சேவை அசல். ராஜமேரி அனுப்பும் பழைய சர்வர் போலி. அவள் மெயிலெல்லாம் திரும்பி வரும். "ஏங்க, என்னால ஆவல. நீங்களே நாற்காலில உக்காருங்க" என்று கண்ணைக் கசக்குவாள். மூலைக்கு அவள் போவாள்.

கடைசியில் ஒரு கட்டம் கேட்டது: யாரை விட்டோம், யாரைத் தள்ளினோம் என்ற தினசரி அறிக்கையை எங்கே அனுப்ப? அவனுடைய சொந்த மெயிலில் கடன் தருகிறோம் என்ற விளம்பரங்கள் மூச்சு முட்டக் கிடந்தன. கௌரவமாகக் கடை மெயில் முகவரியையே கொடுத்தான். சோதனைக்குப் புதுச் சேவையிலிருந்து ஒரு மெயிலும் அனுப்பிப் பார்த்தான்.

மறுநாள் ராஜமேரி கண்ணைக் கசக்கவில்லை. அதற்கடுத்த நாள் மாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே டைப் அடித்தாள். அதற்கும் அடுத்த நாள் வாசலில் லாரி வந்து புளி ஏற்றிக்கொண்டு போனது.

"மேரி, மெயிலெல்லாம் ஒழுங்காப் போவுதா?"

"நீங்க கை வெச்சதுலருந்து ஜோராப் போவுதுங்க."

அவள் அடுக்களைக்குப் போன நேரம் பார்த்து, பெங்களூர்க் கடைக்காரி வெண்மதிக்குத் தன் போனிலிருந்து, கடைப் பெயரில், தன் புதுச் சேவை வழியாக ஒரு மெயில் தட்டினான். 'இனி எல்லா ஆர்டரும் மேலாளர் அருள்நாதனுக்கே அனுப்பவும்.' போனைக் கீழே வைப்பதற்குள் அது திரும்பி வந்தது. இந்தப் பெயரில் அனுப்ப இவருக்கு அனுமதி இல்லையாம்.

"மேரி..."

"திரும்பி வந்துடுச்சிங்களா?" வெண்டைக்காய் நறுக்கும் சத்தம் நிற்கவே இல்லை.

"உனக்கெப்படித் தெரியும்?"

"அதான் தெனமும் காலையில ரிப்போர்ட் வருதுங்களே. கடை மெயிலை நான்தான பாக்கறேன். மொத நாளே வந்துச்சு. உள்ள விட்டது உங்க மெயிலு, வெளிய தள்ளினது பூரா என்னுது. யாரோ திருடன் பூந்துட்டான்னு பயந்து, டொமைன் வித்தவங்களுக்குப் போன் போட்டேன். அந்தப் புள்ள நெதானமாக் கேக்குது, 'அக்கா, ஓடிபியை வூட்ல யாருக்காவது சொன்னீங்களா?'"

அருள்நாதன் கூரையைப் பார்த்தான்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க. நீங்க எடுத்ததை வெச்சேன். நீங்க வெச்சதை எடுத்தேன்."

"அப்ப நான் போலியா மேரி?"

"நான் சொல்லலீங்க. நீங்க எழுதின சட்டந்தான் சொல்லுது. ஆமா, யாருக்கு என்ன எழுதினீங்க?"

"வெண்மதிக்குச் சும்மா... நல்லாருக்கீங்களான்னு."

"காட்டுங்க பாக்கலாம்."

போன் அவன் சட்டைப் பைக்குள் போய்விட்டது. ராஜமேரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒன்னு சொல்லணுங்க. நீங்க காட்டின வழிதான். பழைய சர்வரைச் சேர்த்து அதே மாதிரி எழுதினதுலருந்து ஒரு மெயிலும் ஸ்பாமுக்குப் போறதில்ல. எல்லாருக்கும் நேரா சேருது. நல்ல மூளைங்க உங்களுக்கு."

அருள்நாதனுக்கு முகம் லேசாக மலர்ந்தது.

"அதனால ஆர்டர் ரெண்டு மடங்காயிடுச்சு. அந்த ரெண்டாவது மூட்டையையும் பிரிச்சுக்குங்க."

அவன் மூலையில் உட்கார்ந்து, கட்டையை எடுத்துக் கொட்டை தட்ட ஆரம்பித்தான்.