பரவாயில்லை, நாங்கள் சமாளிக்கிறம்

சமாளிப்பர் என்றோர் இனம் இலண்டன் மாநகரில் பரவலாகக் காணப்படுகிறது. ஹவுன்ஸ்லோவில் அதிகம், டூட்டிங்கிலும் குறைவில்லை. அடையாளம் காண்பது சுலபம். கால் முறிந்து கட்டுப்போட்டுப் படுத்திருக்கும் ஒருவரிடம் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். "பரவாயில்லை, சமாளிக்கிறன்" என்றால் அவர் அந்த இனம். அதோடு நிற்காமல், "நீங்கள் ரீ குடிச்சியளோ?" என்று முறிந்த காலோடு எழும்பப் பார்த்தால், கலப்படமில்லாத முதல் தரம்.

போர், அகதி முகாம், ஹீத்ரோவில் அதிகாலை ஷிப்ட், மார்கழிக் குளிரில் பழுதாகும் பொயிலர், இவை எதுவும் இந்த இனத்தை அசைக்காது. அசைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: யாராவது ஒருவர் எதிரே அமர்ந்து, பேனாவைத் திறந்து, "உங்களால் எது முடியாது?" என்று அன்பாகக் கேட்பது.

அந்தக் கேள்வி ஒரு வெள்ளிக்கிழமை என் சித்தப்பா யோகராஜாவின் வீடு தேடி வந்தது.

அவருடைய ஒரே மகள் ஜதுர்ஷிகாவுக்கு இருபது வயது. பிறந்ததிலிருந்து தசைகளில் வலுவில்லை, வீல்செயாரில்தான் நடமாட்டம். நாக்குத் தசையில் மட்டும் எந்தக் குறையும் இல்லை. நகரத்தின் நடுவே ஒரு கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறாள், வாரத்தில் மூன்று நாள். ரயிலில் கூட்டிப்போகவும் கழிவறைக்குக் கொண்டுபோகவும் ஆள் வேண்டும் என்பதால் சித்தி தவமலரும் கூடவே போகிறார், கடைசி வாங்கில் உட்காருகிறார், பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடிக்கிறார், விரிவுரையாளர் கொடுக்கும் தாள்களையும் வாங்கி வைத்துக்கொள்கிறார். போன மாதம் வருகைப் பதிவேட்டில் அவர் பெயரையும் யாரோ சேர்த்துவிட்டார்கள்.

"உலகத்திலயே அம்மாவோட ஒரே வகுப்பில படிக்கிறவள் நான் ஒருத்திதான். குறூப் புரொஜெக்டில அம்மா என்ர குறூப்" என்றாள் ஜதுர்ஷிகா.

அவள்தான் யாருக்கும் சொல்லாமல் உள்ளூராட்சிக் கவுன்சிலுக்கு விண்ணப்பித்தாள். அவளுக்கென்று ஓர் உதவியாளரை வாரத்தில் எத்தனை மணித்தியாலம் வைத்துக்கொள்ளலாம், அதற்குக் கவுன்சில் எவ்வளவு தரும் என்று திட்டமிடும் முதல் கூட்டத்துக்குக் கடிதம் வந்தது. கூட்டத்தின் சூத்திரம் எளிது. கஷ்டத்தைச் சொன்னால் மணித்தியாலம் கிடைக்கும். பெருமையைச் சொன்னால் கைகுலுக்கல் கிடைக்கும்.

வாசகரே, சித்தப்பா எதைச் சொல்லியிருப்பார் என்று நான் உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

கடிதத்தோடு ஒரு படிவமும் வந்திருந்தது. ஆங்கிலம் எழுதுபவன் என்ற குற்றத்துக்காக என்னை அழைத்தார்கள். 'தானாக உடை அணிய முடியுமா?' என்று வாசித்தேன்.

"நல்ல வடிவா உடுப்பாள் எண்டு போடு."

"சித்தப்பா, சித்திதானே உடுத்திவிடுறா?"

"அதைத்தான் சொல்லுறன். வடிவா உடுத்திவிடுறா."

'உங்கள் மிக மோசமான நாளை விவரிக்கவும்' என்றது அடுத்த பக்கம். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் யோசித்தார். "எழுது. போன வருசம் ஈஸ்ட்ஹாமில ஒரு கலியாண வீடு. பார்க்கிங் கிடைக்கேல்லை."

"அப்பா!" என்றாள் ஜதுர்ஷிகா.

"பின்னை என்ன பிள்ளை? எங்கட வீட்டு விசயத்தைக் கண்டவன் நிண்டவனுக்கு எழுதிக் குடுக்கிறதோ?"

பிறகு ஆயத்தம் தொடங்கியது. ஒரு வாரத்துக்கு முன்பே செற்றிக்குப் புது உறை வந்தது, யன்னல் திரை வந்தது, கம்பளம் வந்தது, வலி மாத்திரைகள் எல்லாம் மேசையிலிருந்து அரிசி வாளிக்குள் குடிபெயர்ந்தன, வீல்செயாரின் தேய்ந்த கைப்பிடிக்கு மேல் ஒரு பட்டுச் சால்வை ஏறியது, சித்தி பற்றிஸ் நூறு, ரோல்ஸ் ஐம்பது என்று பொரிக்கத் தொடங்கினார். வருவது ஒரேயொரு பெண். கூட்டம் குறித்திருந்த பத்தரைக்கே ராகுகாலமும் தொடங்குகிறது என்று நாட்காட்டியில் கண்டுபிடித்த சித்தப்பா, கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்து, கூட்டத்தைப் பத்து இருபத்தெட்டுக்கு ஆரம்பிக்க ஏலுமோ என்று கேட்டார். 'போக்குவரத்து நெரிசல் காரணமாக' என்று அவர்களே ஒரு காரணத்தை எழுதிக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள்.

ஏன் இந்த அமளி? எனக்கு மெல்லத்தான் விளங்கியது. வெளியார் வீட்டுக்கு வந்து, செற்றியில் அமர்ந்து, பலகாரம் தின்று, மகளை மேலும் கீழும் பார்த்துக் கேள்வி கேட்டுப் போகிற சம்பவம் நம் வரலாற்றில் ஒன்றே ஒன்றுதான். அதில் குறையைச் சொல்பவன் மடையன். நிறையைச் சொல்ல வேண்டும். மிச்சத்தைத் தாலி கட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை காலை சித்தி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே மகளுக்குப் பூ வைக்க வந்தார்.

"அம்மா, அவ என்னைப் பொம்பிளை பார்க்க வரேல்லை."

"சும்மா இரு. வாறவை ஒரு நல்ல எண்ணத்தோட போகட்டும்."

சரியாகப் பத்து இருபத்தெட்டுக்குக் கவுன்சில் அதிகாரி ஹெலன் வந்தார். நடுவயது, மழையில் நனைந்த கோட்டு, கையில் தடித்த கோப்பு. அவர் கோட்டைக் கழற்றுவதற்குள் கையில் இரண்டு பற்றிஸ் முளைத்துவிட்டன.

"ஜதுர்ஷிகா எப்படிக் குளிக்கிறாள்?"

"தினமும்" என்றார் சித்தப்பா.

"படி ஏறி இறங்குவது?"

"நோ ப்ராப்ளம். நான் தூக்குவன். பூ மாதிரி."

"இரவில் எழுந்து திருப்பிப் படுக்க வைக்க வேண்டுமா?"

"அது உதவி இல்லையே. அம்மாதானே செய்யிறா."

மூலையில் ரோல்ஸோடு ஒதுங்கியிருந்த எனக்கு ஹெலனின் பேனா மட்டும் தெரிந்தது. அது ஒவ்வொரு கேள்விக்கும் 'தேவையில்லை' என்ற பெட்டியில் ஒரு கோடு இழுத்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஜதுர்ஷிகாவின் வாரத்திலிருந்து ஒரு மணித்தியாலம் கழன்று, சத்தமில்லாமல், புதுக் கம்பளத்தில் விழுந்தது. "இதில் ஒன்றுகூட உண்மையில்லை" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். "எப்பவும் பகிடிதான்" என்று சித்தப்பா ஹெலனைப் பார்த்துச் சிரித்தார். "வெரி ஸ்ட்ரோங் கேர்ள்."

ஹெலன் கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "அப்படியென்றால், குடும்பமாகவே நன்றாகச் சமாளிக்கிறீர்கள்."

இதைவிடப் பெரிய பட்டம் இந்த இனத்துக்குக் கிடையாது. சித்தப்பா நிமிர்ந்தார். சித்தி பூரித்துப்போய், மூன்றாவது தடவையாகப் பலகாரத் தட்டை நீட்டக் குனிந்தார்.

கடக்.

கதவு என்றுதான் முதலில் நினைத்தோம். சித்தி குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். முதுகு மேசை மாதிரி மட்டமாக, தட்டு மட்டும் ஆடாமல் ஹெலனின் முழங்காலுக்கு நேரே.

"பரவாயில்லை" என்றார் சித்தி, கம்பளத்தைப் பார்த்து. "எடுங்கோ. சூடா இருக்கு."

ஹெலன் பதறி எழும்பினார். "இப்படி அடிக்கடி நடக்கிறதா?"

"சீச்சீ. ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான்."

நானும் சித்தப்பாவும் அவரை அப்படியே, ஒரு கதிரையைத் தூக்குவதுபோல் தூக்கிச் செற்றியில் சாய்த்தோம். சித்தியின் கண்ணில் நீர் வந்தது. அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஜதுர்ஷிகா சிரிக்கவில்லை.

"அப்பா, உங்களுக்கு நாளைக்கு விடிய நாலு மணி ஷிப்ட். காலமை என்னை ஆர் தூக்கிறது?"

சித்தப்பா வாயைத் திறந்தார். வழக்கமான சொல் தொண்டை வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். அது அங்கேயே நின்றது. அவர் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மூடப்போன கோப்பைப் பார்த்தார்.

"ஏலாது" என்றார்.

ஹெலனுக்கு விளங்கவில்லை. முப்பது வருடமாக இந்த நாட்டு ஆங்கிலம் பேசுகிற மனிதர், அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஆங்கிலம் தேடித் தவித்தார். பிறகு கண்டுபிடித்துச் சொன்னார். எங்களால் முடியாது என்று, முதலில் மெதுவாக, பிறகு பக்கத்து வீட்டுக்குக் கேட்க.

அதன் பிறகு அவரை யார் நிறுத்துவது? ஹெலனைக் கையோடு எழுப்பிக் குளியலறைக்குக் கூட்டிப்போனார். கதவு எத்தனை அங்குலம் ஒடுக்கம் என்று நாடா பிடித்துக் காட்டினார். "இந்தப் படியிலதான் மாசியில நானும் பிள்ளையும் சேர்ந்து விழுந்தது, இதில நான், இதில அவள்" என்று கோயில் தலபுராணம் சொல்பவர்போல் விளக்கினார். தன் வலக் கை தோளுக்கு மேலே போகாது என்பதைத் தூக்கிப் பார்த்தே நிரூபித்தார். கஷ்டத்திலும் முதலிடம் வாங்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது மனிதருக்கு. "மற்ற வீடுகளிலயும் இவ்வளவு கஷ்டம் பார்த்தனீங்களோ?" என்று கேட்டார். ஹெலன் புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினார். ராகுகாலம் முழுவதும் எழுதினார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. வாரத்துக்கு இருபத்திரண்டு மணித்தியாலம். ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து றூபினி என்றொரு பெண் வருகிறாள். இருவரும் ரயிலில் போகிறார்கள். வகுப்பு முடிந்து எங்கே சுற்றுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த 'யாருக்கும் தெரியாது' என்பதை ஜதுர்ஷிகா ஒரு பரிசுக் கோப்பைபோல் வைத்திருக்கிறாள். சித்தி முதுகுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, "ரெண்டாம் தவணைச் சோதினையில எனக்குத்தான் கூடப் புள்ளி வந்திருக்கும்" என்கிறார்.

சரி, சிரித்துவிட்டீர்கள். 'எங்கட யோகராஜா மாதிரி ஆக்கள் நிறையப் பேர்' என்று யார் யாரையோ நினைத்தும்விட்டீர்கள். உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பஸ்ஸிலும் கோயில் மண்டபத்திலும் ஒதுங்கி நின்று பார்த்ததை வைத்து ஒன்று மட்டும் சொல்கிறேன். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று இடுப்பில் ஒரு கையை வைக்கிறீர்கள். மேலேயிருந்து யாராவது வந்தால் உடனே கையை எடுத்துவிட்டு, சுவரில் மாட்டியிருக்கும் அறிவித்தலை வாசிப்பதுபோல் நிற்கிறீர்கள். அந்த அறிவித்தலில் என்ன எழுதியிருந்தது? சொல்லுங்கள் பார்ப்போம்.