வியாபாரிகள் கடைசியில் வருவார்கள்

எனக்கு ஒரு தனித்திறமை உண்டு. நான் ஒன்று நடக்கும் என்று சொன்னால் அது நடக்காது. இன்றைக்கு மழை வராது என்று வாசலில் நின்று சொன்னால் போதும், பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடக் கொடியில் காயும் துணியை உருவிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். இந்தத் திறமை பிறக்கும்போதே வந்ததா, நடுவில் ஒட்டிக்கொண்டதா, தெரியாது. ஆனால் அது ஊரறிய அரங்கேறிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஜப்பான்காரன் காலம். இடம், மலாக்காவில் காஜா பேராங் திடல். (எழுத உட்கார்ந்ததுமே என் மனைவி கமலம் பின்னால் வந்து நின்றுகொண்டாள். "எங்கப்பாவ எந்த லட்சணத்துல எழுதப்போறீங்கன்னு பாக்கணும்" என்கிறாள்.)

அப்போது நான் தண்ணீர் விநியோக அலுவலகத்தில் சின்னக் கிராணி. கிராணி என்றால் குமாஸ்தாதான். ஆனால் அந்த நாளில் அந்தச் சொல்லுக்கு ஒரு மிடுக்கு இருந்தது. வெள்ளைக்காரன் ஓடிப்போய் ஜப்பான்காரன் வந்த பிறகும் நாங்கள் அந்த மிடுக்கை விடவில்லை. வயிற்றுக்கு மரவள்ளிக்கிழங்கு, சட்டைக்கு ஒட்டு, ஆனாலும் தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவாமல் வெளியே கிளம்பமாட்டோம். எல்லாவற்றுக்கும் மேலாக நாங்கள் கிரிக்கெட் ஆடியவர்கள். வெள்ளைக்கார துரைமார் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக் கற்றது என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

எங்கள் அலுவலகத்துக்குத் தலைவராக வந்த ஜப்பான்கார அதிகாரியைத் துவான் என்று அழைப்போம். மனிதருக்குப் பேஸ்பால் பைத்தியம். யுத்த காலத்தில் அந்தக் கெட்டிப் பந்துக்கு எங்கே போவது? ரப்பர்த் துண்டுகளை உருட்டி, சணல் சுற்றி, கான்வாஸ் துணி வைத்துத் தைத்து, சின்னத் தேங்காய் அளவுக்கு ஒரு பந்து செய்யச் சொன்னார். அதைக் கையைக் கீழே விட்டுத்தான் வீசவேண்டும். இந்த ஆட்டத்துக்கு சாப்ட்பால் என்று பெயர் என்பதே யுத்தம் முடிந்துதான் எனக்குத் தெரியும். அன்று எங்களுக்கு அது 'பெரிய பந்து'.

ஞாயிறுதோறும் போட்டி, நான்கு அணிகள் என்று உத்தரவாயிற்று. கிராணிமார் ஓர் அணி. பொம்பா என்று நாங்கள் சொல்லும் தீயணைப்புக்காரர்கள் ஓர் அணி. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஓர் அணி. எண்ணிக்கைக்கு ஒன்று குறைந்ததால் டவுனில் கடை வைத்திருந்த வியாபாரிகளையும் ஓர் அணி சேர்க்கச் சொன்னார் துவான். அவர்கள் மறுக்கவில்லை. அந்தக் காலத்தில் யாரும் எதையும் மறுப்பதில்லை.

வியாபாரிகளின் தலைவர் வேலாயுதம். ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி மசாலைக் கடை வைத்திருந்தார். இந்தியாவிலிருந்து கப்பல் நின்றுபோனதால் கடையில் மசாலை கிடையாது. காய்ந்த கிழங்கை இடித்து மாவாக விற்றுக்கொண்டிருந்தார். ஊரே இளைத்துப்போன அந்த நாளிலும் தொந்தி கரையாத மனிதர். அவருடைய மகளைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கல்யாணப் பேச்சில் விளையாட்டு ஒன்றும் இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகப் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்ததாகச் செய்தி இல்லை. அடுத்தது பட்டணம்தான், கல்யாணமாகாத இளவட்டங்களைத்தான் முதலில் ஏற்றுவார்கள், குடும்பஸ்தனை விட்டுவிடுவார்கள் என்று பேச்சு. உண்மையோ பொய்யோ, எல்லோரும் அதை நம்பினோம். அப்பா அம்மா இல்லாத என்னை வளர்த்த அக்கா ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தாள். எனக்கும் பயம்தான். வாசலில் லாரிச் சத்தம் கேட்டால் பின்கதவுப் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

"கோபாலு, அடுத்த வெள்ளிக்கிழம பொண்ணு பாக்க வரச் சொல்லியிருக்காங்க" என்றாள் அக்கா. "அதுவரைக்கும் தயவுசெஞ்சு வாயத் தொறக்காத. வாயத் தவிர உன்கிட்ட வேற ஒரு குறையும் இல்ல."

சரி என்று தலையாட்டினேன். மறுநாள் சனிக்கிழமை.

போட்டி தொடங்குவதற்கு முந்தின நாள் எல்லோரும் திடலில் கூடவேண்டும் என்று உத்தரவு. கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள்; அதன்படி சாயங்காலம். வானத்தில் என்னவோ மண்டையைப் பிளக்கும் வெயில். ஜப்பான் சக்கரவர்த்திக்காகக் கிழக்கே பார்த்து வணங்கினோம். கைகால் வீசி உடற்பயிற்சி செய்தோம். பிறகு துவான் மலாயில் ஒரு விஷயம் சொன்னார். ஜப்பானில் ஆட்டப் பருவம் தொடங்குமுன் எந்த அணி எந்த இடத்தில் வரும் என்று விஷயம் தெரிந்தவர்கள் கணித்துச் சொல்வார்களாம். இங்கே அப்படி யாராவது உண்டா?

எல்லோரும் மண்ணைப் பார்த்தார்கள். ஒரே ஒரு கை மேலே போயிற்று. நிமிர்ந்து பார்த்தால் அது என் கை.

தகரத்தில் செய்த ஓர் ஊதுகுழலை என்னிடம் கொடுத்தார்கள். அதன் வழியாகப் பேசினால் திடலைத் தாண்டி ரோட்டுக்கும் கேட்கும். முதலிடம் கிராணிமார், கிரிக்கெட் ஆடியவர்கள் என்பதால். இரண்டாவது பொம்பா, ஓட்டம் பழகியவர்கள் என்பதால். மூன்றாவது ஆஸ்பத்திரி, விழுந்தாலும் மருந்து பக்கத்திலேயே இருப்பதால். (இதற்குச் சிரித்தார்கள். சிரிப்புதான் என் குடியைக் கெடுத்தது.) வியாபாரிகளிடம் வந்தபோது ஒரு கணம் யோசித்தேன். வேலாயுதம் முன்வரிசையில் நின்றார். மாமனாராகப் போகிறவருக்குச் சலுகை காட்டினான் என்று நாளைக்கு ஊர் சொல்லக்கூடாதே! நடுநிலைமை என்று ஒன்று இருக்கிறதே!

"வியாபாரிகள் கடைசியில் வருவார்கள்" என்று முழங்கினேன். "கல்லாவுக்கும் மூட்டைக்கும் நடுவில் நடந்தவர்களால் ஓட முடியுமா? இவர்கள் ஓர் ஆட்டம் ஜெயித்துவிட்டால், இவர்களுடைய கடையில் உட்கார்ந்து நானே கிழங்கு மாவு இடித்துத் தருகிறேன்!"

உரலும் உலக்கையும் பெண்களின் வேலை என்று இருந்த காலம் அது. ஒரு கிராணி அப்படிச் சொன்னால் அதற்கு மேல் சவாலே கிடையாது. கூட்டம் கைதட்டியது. வேலாயுதம் பக்கத்திலிருந்தவரிடம், "தம்பி நல்லாப் பேசுது" என்றார். அவ்வளவுதான்.

விஷயம் எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"அவரு காதுல விழுந்திருக்காதுல்லடா?" என்றாள் அக்கா.

"ஊதுகுழல்ல சொன்னேன்க்கா."

அவள் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் முதல் ஆட்டமே எங்களுக்கும் வியாபாரிகளுக்கும். எங்களுக்குப் பந்து வீசுபவன் நான். கிரிக்கெட்டில் கையைச் சுழற்றி வீசிப் பழகியவனுக்குக் கையைக் கீழே விட்டு வீசு என்றால் எப்படி? என் முதல் பந்து மேலே போயிற்று. இரண்டாவது தரையில் உருண்டது. மூன்றாவது எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. நடுவர் கம்போங் சிட்டிக்காரர்; பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர் வழி, ஆனால் தமிழ் பேசமாட்டார். "சத்து! துவா! தீகா! அம்பாட்!" என்று என் கெட்ட பந்துகளை மலாயில் உரக்க எண்ணிக்கொண்டே இருந்தார். இந்த ஆட்டத்தில் நாலு கெட்ட பந்து விழுந்தால் அடிக்கிறவர் மட்டையைப் போட்டுவிட்டு, சதுரமாகக் குறித்த களத்தின் முதல் மூலைக்குச் சும்மா நடந்து போகலாம். மூன்று மூலையிலும் ஆள் நிரம்பிவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நடைக்கும் ஓர் ஓட்டம்.

மற்ற அணிக்காரர்களாக இருந்தால் ஆத்திரத்தில் எட்டி எட்டி அடித்து அவுட் ஆகியிருப்பார்கள். இவர்கள் வியாபாரிகள். முதலில் காட்டுகிற சரக்கை யாராவது கை நீட்டி வாங்குவார்களா? மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு, பசாரில் அழுகல் வெங்காயத்தைப் பார்ப்பதுபோல என் பந்துகளைப் பார்த்தார்கள். ஒரு சவுளிக் கடைக்காரர், "இது வேணாம் தம்பி, வேற இருக்கா?" என்றே கேட்டுவிட்டார். ஒருவரும் ஓடவில்லை. நடந்தார்கள். வேலாயுதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழியில் இரண்டு பேரிடம் சுகம் விசாரித்துக்கொண்டே சுற்றி வந்து ஓர் ஓட்டம் எடுத்தார். நான் ஓட முடியாது என்று கணித்தவர்கள் ஓடாமலேயே எங்களைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார்கள்.

போகட்டும், மட்டை பிடித்து மானத்தை மீட்கலாம் என்று போய் நின்றேன். வீசுபவர் வேலாயுதம். பந்து ஆடி அசைந்து வந்தது. இடது காலை முன்னால் வைத்து, முழங்கையை உயர்த்தி, மட்டையை நேராகப் பிடித்து, துரைமார் தடுப்பதுபோலவே தடுத்தேன். பந்து என் காலடியில் பணிவாக விழுந்து கொஞ்சம் உருண்டது. அந்த நிலையிலேயே அசையாமல் நின்றேன். யாராவது படம் பிடித்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது.

"ஓடுடா! ஓடுடா!" என்று என் அணியே அலறியது. அடித்தால் ஓடியே ஆகவேண்டும் என்ற விதி அப்போதுதான் உறைத்தது. ஓடினேன். கிரிக்கெட்காரன் எப்படி ஓடுவான்? மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, நேராகப் பந்து வீசுபவரை நோக்கித்தான் ஓடுவான். வலது பக்கம் மூலை ஒன்று இருப்பது எனக்குத் துளியும் நினைவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போன வேகத்தில் வேலாயுதத்தின் தொந்தியில் போய் முட்டினேன். இருவரும் புல்லில் உருண்டோம்.

மட்டையோடு ஓடி ஒருவரை வீழ்த்தியிருக்கிறேன். துவான் எழுந்து நிற்கிறார். அந்தக் காலத்தில் அறை விழ இதில் கால்வாசிக் காரணம் போதும். என் கன்னம் தானாகவே தயாராகிவிட்டது.

வேலாயுதம் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். வேட்டியைத் தட்டினார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழமதானே வீட்டுக்கு வரச் சொன்னேன்? இப்பவே என்ன அவசரம்?"

திடல் வெடித்துச் சிரித்தது. என்ன சொன்னார் என்று துவான் கேட்க, யாரோ மலாயில் சொன்னார்கள். துவானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கன்னம் தப்பியது. கல்யாணம் தப்புமா என்றுதான் தெரியவில்லை.

தப்பவில்லை என்றே நினைத்தோம். மறுநாள் கடையிலிருந்து ஆள் வந்தது. "வெள்ளிக்கிழம பொண்ணு பாக்க வரவேணாமாம். ஒலக்க பிடிக்க வரச் சொன்னாரு." அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாயால் ஒரு பெண்ணை இழந்தது போதாதென்று சயாமுக்கு வேறு சீட்டு வாங்கிக்கொண்டேனே என்று என் மேலேயே வெறுப்பாக வந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் ஊதுகுழலில் சொன்ன வார்த்தையை எங்கே கொண்டு ஒளிப்பது?

போனேன். கடையின் பின்கட்டில் உரல். இடித்தேன். உலக்கை உரலில் விழுந்ததைவிட வெளியில் விழுந்ததே அதிகம். கை கொப்பளித்தது. எண்ணெய் வைத்துச் சீவிய தலையில் மாவு அப்பிக்கொண்டது. ஒரு பெண் சல்லடையோடு வந்து, மாவை அள்ளிச் சலித்து, சல்லடையில் தங்கிய கப்பியை என் முன்னால் கொட்டினாள்.

"நைசா இல்ல. இன்னும் இடிக்கணும்."

அவள்தான் கமலம். பெண் பார்க்கும் சடங்கில் பெண் தலைகுனிந்து நிற்க மாப்பிள்ளை பார்ப்பான் என்பார்கள். எங்கள் விஷயத்தில் அது மாறி நடந்தது. ("மூஞ்சியே தெரியல, அவ்வளவு மாவு. தெரிஞ்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்கிறாள்.)

வேலாயுதம் வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, எப்படி?"

"வாய் நீளம்தான். ஆனா சொன்ன சொல்லுக்கு வந்து இடிக்கிறாரேப்பா" என்றாள் அவள்.

அவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒன்ன அப்படியே விட்டா லாரில ஏத்திருவானுங்க. நீ ரயிலப் பாத்தா நேரா எஞ்சின் மேலயே போய் முட்டுவ. பாவம், ஒங்கக்கா தாங்காது. வர்ற முகூர்த்தத்துலயே முடிச்சுருவோம், மாப்ளே."

மாப்ளே என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மாவு கண்ணில் பட்டது என்று சொன்னேன்.

கல்யாண நாளுக்குள் போட்டி முடிந்துவிட்டது. வியாபாரிகள் முதலிடம். ஆஸ்பத்திரி இரண்டாவது. பொம்பா மூன்றாவது. கிராணிமார் கடைசி. நான் சொன்னதைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தால் ஒரு பிழை கிடையாது. ஊரில் இது பரவியதும் இளைஞர்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். "கிராணி, நா சயாமுக்குப் போவேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க." நிச்சயமாகப் போவாய் என்று ஒவ்வொருவனிடமும் சத்தியம் செய்து சொன்னேன். பலருக்கு என் கணிப்பு பொய்த்தது. சிலருக்குப் பொய்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

தாலி கட்டி முடிந்து, கிழங்கு மாவுப் பலகாரம் பரிமாறிக்கொண்டிருந்தபோது மாமனார் எங்கிருந்தோ அந்த ஊதுகுழலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மாப்ளே, இந்தக் கல்யாணம் எப்படிப் போகும்? கணிச்சுச் சொல்லுங்க."

வாங்கினேன். எழுந்து நின்றேன். "ஒரு மாசம்கூடத் தாங்காது!" என்று ரோடு வரைக்கும் கேட்க முழங்கினேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "போதும், இனிமே எனக்குக் கவல இல்ல" என்றார்.

மாமனார் இப்போது இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கல்யாண நாளன்றும் பேரப்பிள்ளைகள் பத்திரிகையைக் குழலாகச் சுருட்டிக் கொண்டுவந்து என் வாயருகே பிடிக்கிறார்கள். போன வாரமும் பிடித்தார்கள். "இந்த வருஷத்தோட சரி, இனிமே ஒண்ணா இருக்க மாட்டோம்" என்று அறிவித்தேன்.

"அப்பாடா" என்று சொல்லிவிட்டுக் கமலம் காப்பி கலக்கப் போனாள்.