கூரையில் நாற்பது மண்மூட்டை

நாலாவது தடவையாகக் கிணற்றடிக்குப் புறப்பட்ட கோணாமலையை அன்னப்பூரணி பின்வாசலில் மறித்தாள்.

"விடிஞ்சதில இருந்து நாலு முழுக்கு. என்னங்க, உடம்புக்கு என்னயும் செய்யுதா?"

மணி பதினொன்றுகூட ஆகவில்லை. உடம்புக்கு என்ன செய்கிறது என்று சொல்ல அவருக்கு ஆசைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் உரிமையை அவர் இரண்டு மாதத்துக்கு முன்பே, நல்ல புத்தியோடு, மனைவியிடம் ஒப்படைத்துவிட்டிருந்தார்.

"நேர்த்தி," என்றார். "மண்டூர் முருகனுக்கு. ஒரு நாளைக்கு அஞ்சு முழுக்கு எண்டு நேந்திருக்கன்."

ஐந்து என்று சொன்னது, பின்னேரத்துக்கும் ஒன்று கையிருப்பில் இருக்கட்டுமே என்ற முன்யோசனையில்.

மலைநாட்டுத் தபால் கந்தோர்களில் முப்பத்துநாலு வருடம் முத்திரை குத்தி, தபால் அதிபராக ஓய்வு பெற்றவர் கோணாமலை. இனி எங்கே போய் இருப்பது என்ற கேள்விக்கு அன்னப்பூரணியிடம் ஒரே பதில்தான் இருந்தது. மண்டூருக்கு எதிர்க்கரையில், வாவியோரத்தில், அவளுக்குச் சீதனமாக வந்த கல்வீடு. மட்டக்களப்பில் வீடு பெண்ணுடையது, ஆண்பிள்ளை அதில் வந்து குடியிருப்பவன். இந்த வழக்கத்தின் முழு அர்த்தமும் கோணாமலைக்கு அறுபத்தோராவது வயதில்தான் விளங்கியது.

"சண்டை நடக்கிற இடத்துக்கு யாராவது போய் இருப்பாங்களா அப்பா?" என்று மலைநாட்டிலேயே கலியாணம் முடித்துவிட்ட மகள் இராசாத்தி கேட்டாள். சண்டைக்கு அவர் அவ்வளவாகப் பயப்படவில்லை. அவர் பயந்தது வெயிலுக்கு. அதை வாய்தவறி மனைவியிடம் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

"முப்பத்திநாலு வருசம் உங்கட குளிருக்க கிடந்தன்," என்றாள் அன்னப்பூரணி. "குளிருது எண்டு ஒரு நாளாவது என்ட வாயால வந்திருக்கா?"

வந்ததில்லை. பல் கிடுகிடுத்ததுண்டு, வார்த்தை வந்ததில்லை.

"அப்ப நீங்களும் அங்க வந்து வெக்கை எண்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னா அண்டைக்கே மகள்ட்டப் போயிருங்க. நான் என்ட வீட்டில தனிய இருந்துக்குவன்."

அன்னப்பூரணி சொன்னால் சொன்னதுதான். கோணாமலைக்கோ மனைவி என்றால் உயிர். அதை எடுத்துச் சொல்லும் பழக்கம் அவருடைய தலைமுறைக்கு இல்லாததால், "சரி" என்று மட்டும் சொல்லி வாக்குக் கொடுத்தார்.

இதில் ஒரு சின்னக் கணக்குப் பிழை இருந்தது. முப்பத்துநாலு வருடமும் அவர்கள் ஊருக்கு வந்தது மார்கழி விடுமுறைக்குத்தான். மார்கழியில் மழை கொட்டும், வாடைக்காற்று வீசும், வாவி நிறைந்து கிடக்கும், ஊர் சொர்க்கம்போல் இருக்கும். இந்தத் தடவை வந்து சேர்ந்தது தொண்ணூற்றாறாம் ஆண்டு சித்திரையில். ஆனியில் கச்சான் காற்று தொடங்கியது. காற்று என்றுதான் அதற்குப் பேர். அடுப்பு வாயைத் திறந்துவைத்து யாரோ முகத்துக்கு நேரே ஊதுவதுபோல் இருந்தது.

வீட்டு ஓடுகளை எழுபத்தெட்டுச் சூறாவளி கொண்டுபோய்விட்டது. அதற்குப் பதிலாக நிவாரணத்தில் கிடைத்த தகரம் அன்று முதல் கூரையில் இருந்தது. கோணாமலை முன்ஜாக்கிரதையாக வாங்கி வந்த மேசை மின்விசிறி, ஆறு வருடமாகக் கரண்ட் வரும் வரும் என்று காத்திருக்கும் ஊரில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மரியாதையாக நின்றது. மூன்று கம்பளியும் இரண்டு ஸ்வெட்டரும் பெட்டிக்குள் கிடந்து அவரைப் பார்த்துச் சிரித்தன.

நேர்த்தி என்ற சாட்டுக்கு உடனே விலை வந்தது. அன்னப்பூரணி தெய்வ காரியத்தில் அரைகுறை வேலை பார்க்கிறவள் அல்ல.

"நேர்த்தி எண்டா ஒழுங்கா இருக்கணும். இண்டையில இருந்து மீன் இல்ல. ஒரு நேரச் சோறு. வெள்ளிக்கிழமையில செருப்பில்லாமத் துறையடிக்குப் போய், தோணியேறி, கோயிலுக்குப் போயிட்டு வாங்க."

துறையடிக்குப் போகிற பாதை முழுக்க மணல். முதல் வெள்ளிக்கிழமை கோணாமலை அதில் நடக்கவில்லை, துள்ளினார். பார்த்த பெண்கள், "என்ன பக்தி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குளிக்க ஒரு சாட்டுத் தேடப் போய் மீனையும் செருப்பையும் பறிகொடுத்ததுதான் கண்ட பலன்.

அந்த வாரம்தான், காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வந்து பழைய இரும்பு, போத்தல், சாக்கு வாங்கி விற்கும் கச்சி முகம்மதுவிடம் அவர் மனம் திறந்தார். அன்னப்பூரணி வீட்டில் இல்லை. மத்தியானம் ஆனதும் அவள் அம்மன் கோயிலுக்குப் போய்விடுவாள். ஊருக்கு வந்ததிலிருந்து பக்தி அவளுக்கும் கூடித்தான் இருந்தது.

"தகரத்துக்கு மேல ஈரச் சாக்குப் போடுங்க, போஸ்மாஸ்டர் ஐயா," என்றான் கச்சி முகம்மது. "உள்ளுக்குச் சில்லெண்டு இருக்கும். கச்சானுக்குப் பறக்காம மண்ணை நிரப்பி அடுக்கணும். நாப்பது சாக்கு காணும்."

"ஆருக்கும் சொல்லிராத."

"நான் ஏன் சொல்லப்போறன். எனக்கு யாவாரம்தானே."

இரண்டு மத்தியானங்கள் கோணாமலை வேலை செய்தார். நாற்பது சாக்கிலும் வாவிக்கரை மண்ணை நிரப்பி, ஏணி வைத்துக் கூரைக்கு ஏற்றி, வரிசையாக அடுக்கி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். கடைசி வாளியோடு இறங்கும்போது அன்னப்பூரணி படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"இதென்ன கூரைக்கு மேல?"

உண்மை தொண்டைவரை வந்தது. விழுங்கினார்.

"ஒரு பாதுகாப்புக்கு."

"என்ன பாதுகாப்பு?"

"ஷெல் கில் வந்து விழுந்தா எண்டு."

அன்னப்பூரணி அவரை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் கதிர்காமத்தம்பி நின்றிருந்தார். அன்னப்பூரணிக்கு ஒன்றுவிட்ட தம்பி, கோணாமலையை அத்தான் என்று கூப்பிடுகிறவர், காதைத் தீட்டி வேலியில் வைப்பதையே உத்தியோகமாகக் கொண்டவர்.

கதிர்காமத்தம்பி இரண்டையும் இரண்டையும் கூட்டி ஏழு என்று கண்டுபிடித்தார். அத்தான் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். செவ்வாய்க்கிழமை அவருக்குக் கொழும்பிலிருந்து மண்ணிறக் கடிதம் ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமை கூரையில் மண்மூட்டை. ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது.

கடிதத்தில் இருந்தது, கோணாமலை இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்கும் பென்ஷன் படிவம். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரில் பதினெட்டுக் கூரையில் மூட்டை ஏறிவிட்டது. கச்சி முகம்மது ஒரு நாளைக்கு மூன்று தடவை சைக்கிளில் வந்துபோனான். கோணாமலையின் வீட்டு நிலைமை வேறு. மத்தியான வெயிலுக்கு ஈரமண் ஆவி கக்கத் தொடங்கி, வீடு புட்டுப் பானையாகிவிட்டது. முன்பு வறுபட்டவர் இப்போது அவிந்தார்.

ஊர்ப் பழி வேறு நெஞ்சை அரித்தது. கிழவர் கிழவிகள் எல்லாம் மண் சுமக்கிறார்களே என்று அவருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. நேரே கதிர்காமத்தம்பியிடம் போனார்.

"தம்பி, ஒண்டும் நடக்காது. நான் சும்மா வைச்சன்."

"விளங்குது அத்தான். சொல்லக் கூடாது எண்டு கொழும்பில சொல்லியிருப்பாங்க."

"அப்பிடி ஒண்டும் இல்லடாப்பா."

"நானும் ஆருக்கும் சொல்லல்ல. பெஞ்சாதிக்கும் அவட மூணு தங்கச்சிமாருக்கும் மட்டும்தான்."

பேச்சால் அடங்காததைச் செயலால் அடக்கலாம் என்று கோணாமலை நினைத்தார். அன்றைக்கே ஏணி வைத்து நாற்பது மூட்டையையும் இறக்கி வேலியோரம் போட்டார். இதைப் பார்த்தாவது ஊர் அமைதியாகட்டும்.

ஊர் பார்த்தது. மூட்டை தாங்காத அளவுக்குப் பெரிய ஷெல் வரப்போகிறது என்று முடிவுகட்டியது. மறுநாள் காலை நாலு குடும்பம் வண்டில் பூட்டிச் சாமான் ஏற்றியது. இலட்சுமிப்பிள்ளை என்ற கிழவி கோழிக்கூட்டைத் தலையில் வைத்துக்கொண்டு படலையில் வந்து நின்று, "எந்தப் பக்கம் ஓடுறது நல்லம் மகன்? நீங்க எந்தப் பக்கம் போறயள்?" என்று விசாரித்தாள்.

திங்கட்கிழமை, இயக்கத்தின் கையில் இருந்த அக்கரையிலிருந்து தோணியில் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். சாரம் கட்டியிருந்தார்கள். நிற்கிற நிற்பு சாரத்துக்குப் பொருந்தவில்லை.

"ஐயா, ஆமி எண்டைக்கு அடிக்கப்போறான்? உங்களுக்குத் தெரியுமாம்."

"எனக்கு ஒண்டும் தெரியாது தம்பி."

"யோசிச்சு வைங்க. மறுகா வாறம்."

செவ்வாய்க்கிழமை துறையடி இராணுவ முகாமிலிருந்து கப்டன் பத்துச் சிப்பாய்களோடு வந்தார். அவருக்கும் அதே கேள்விதான், ஆள்கள்தான் இடம் மாறியிருந்தார்கள். ஊர் முழுக்கத் திடீரென்று மண்மூட்டை அடுக்கினால், அக்கரைக்காரர்கள் முகாமை அடிக்கப்போகிறார்கள் என்றுதானே அர்த்தம். யார் சொல்லி அடுக்கினீர்கள் என்று கேட்டபோது ஊர் ஒரே விரலாக நீண்டு கோணாமலையைக் காட்டியது. கதிர்காமத்தம்பியின் விரல் கொஞ்சம் முந்தியே நீண்டது.

முற்றத்தில் சனம் கூடிவிட்டது. அன்னப்பூரணி வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இரத்தம் இல்லை.

"முதலில் மூட்டை வைத்தது நீங்களா?" என்று கப்டன் சிங்களத்தில் கேட்டார்.

"ஓம்."

"ஏன்?"

கோணாமலை மனைவியைப் பார்த்தார். பிறகு கப்டனுக்குக் கிட்டப் போய், சிங்களத்தில், குரலைத் தாழ்த்தி, "ரஸ்னேய் மாத்தயா" என்றார். வாக்குக் கொடுத்தது வெக்கை என்ற தமிழ் வார்த்தைக்குத்தானே என்று தபால் அதிபரின் மூளை அந்த நெருக்கடியிலும் ஒரு விதியைக் கண்டுபிடித்திருந்தது. மலைநாட்டுச் சந்தையில் முப்பத்துநாலு வருடம் சிங்களத்தில் பேரம் பேசியவள் அன்னப்பூரணி என்பது மட்டும் மறந்துபோயிற்று.

"என்ன முணுமுணுக்கிறீர்கள்? எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஜீப்பில் ஏறுங்கள். முகாமில் போய்ப் பேசுவோம்."

முகாமுக்குப் பேசப் போனவர்களில் சிலர் இன்னும் பேசி முடிக்கவில்லை என்பது அந்த ஊருக்குத் தெரியும். ஒரு சிப்பாய் அவருடைய முழங்கையைப் பிடித்தான். வாசல்நிலையில் நின்ற அன்னப்பூரணி ஓரடி முன்னால் வந்தாள். கோணாமலை அவளுடைய கண்ணைப் பார்த்தார். ஜீப்பில் ஏறினால் அவளை இனிப் பார்ப்பாரோ தெரியாது. வார்த்தையைச் சொன்னால் அவளோடு இருக்க முடியாது. ஆனால் எங்கேயோ அவள் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டாவது இருக்கலாம்.

"அன்னம்," என்றார், "என்னை மன்னிச்சிரு."

பிறகு ஊருக்கே கேட்கும்படி தமிழில் சொன்னார்.

"வெக்கை. வெக்கை தாங்க ஏலாமத்தான் மூட்டை வைச்சன். நேர்த்தியும் இல்ல, ஷெல்லும் இல்ல, கொழும்புக் கடிதமும் இல்ல. வந்த நாளில இருந்து நான் வெந்துகொண்டிருக்கன். இவளை விட்டுட்டுப் போக மனமில்லாமத்தான் வாயை மூடிக்கொண்டு கிடந்தன்."

இலட்சுமிப்பிள்ளை கோழிக்கூட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள். அன்னப்பூரணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திண்ணைக் குந்தில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா, கோபமா என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. எல்லாம் முடிந்தது, இனி மகள் வீடுதான் என்று கோணாமலை நினைத்தார்.

கப்டனுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், ஆனால் நம்பவில்லை. வெக்கைக்காக ஒரு மனிதன் பெண்சாதிக்கும் ஊருக்கும் பொய் சொல்லி உயிரைப் பணயம் வைப்பானா? அவர் பக்கத்தில் நின்ற கோப்ரலைப் பார்த்தார். துறையடிச் சென்றிக் காவலரணில் இருந்து பாஸ் எழுதுகிறவன் அவன்தான். ஊரைவிட்டுப் போய் வெளியில் தங்குகிறவர்கள் அவனிடம் காரணம் சொல்லித்தான் துண்டு எடுக்க வேண்டும். அதனால் அவனுக்குக் கொஞ்சம் தமிழும், ஊர்க் கதை நிறையவும் தெரியும்.

"இந்தக் கதையை நம்பலாமா?" என்று கப்டன் கேட்டார்.

கோப்ரல் அன்னப்பூரணியை ஒரு தடவை பார்த்தான். ஊருக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, தனக்குத் தெரிந்த தமிழிலேயே பதில் சொன்னான்.

"நம்பலாம் சேர். போன கிழமை இந்த அம்மா வந்து மகள் வீட்டுக்குப் போக பாஸ் கேட்டது, ஒரு ஆளுக்கு மட்டும். அம்மாவுக்கு இங்க வெக்கை தாங்க ஏலாதாம், ஐயாவுக்கு இந்த ஊர் நல்லாப் பிடிச்சுப் போச்சாம், கூப்பிட்டாலும் வரமாட்டாராம்."