தீப்பெட்டியண்ணனும் பச்சைக் குளமும்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே தன் சட்டைக்குத் தானே தீ வைத்துக்கொண்டு மாதச் சம்பளம் வாங்கிய மனிதர் தீப்பெட்டியண்ணன் ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். சினிமா தியேட்டர்களுக்குத் தீப்பிடிக்காத திரைச்சீலை செய்து விற்பது எங்கள் தொழில். துணியை மருந்துத் தண்ணீரில் முக்கிக் காயவைத்தால் தீ அண்டாது. வாங்க வருகிறவர்களுக்கு அதை நிரூபித்துக் காட்டுவது அண்ணன் வேலை. ஒரு துண்டுத் துணியைக் கொளுத்திக் காட்டினால் போதும், அவருக்குப் போதவில்லை. அதே துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, "பயப்படாதீங்க, தீப் பத்தாதுங்க" என்று தன் கைப்பக்கம் தீக்குச்சியை நீட்டுவார். கறுப்பாக ஒரு வட்டம் விழும், அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் வேர்த்துப்போய் ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். சட்டையெல்லாம் அந்த வட்டங்களோடு அண்ணன் தூரத்தில் வந்தால் சிறுத்தை வருவதுபோல் இருக்கும்.

அந்தச் சட்டையைத் துவைக்கக் கூடாது. ஆனால் அவர் மனைவிக்கு நாற்றம் பொறுக்கவில்லை. ஒருநாள் ஊறவைத்து அடித்துத் துவைத்துவிட்டார். அது தெரியாமல் பொள்ளாச்சியில் ஒரு தியேட்டர்காரர் முன்னால் அண்ணன் குச்சியைக் கிழித்தார். சட்டைக் கை குப்பென்று பற்றிக்கொண்டது. தியேட்டர்காரர் குடித்துக்கொண்டிருந்த கலர் சோடாவை ஊற்றி அணைத்தார்.

முழங்கையில் கொப்புளத்தோடு வீடு திரும்பி, மனைவி துவைத்ததைத் தெரிந்துகொண்டவருக்கு வலியைவிடச் சந்தேகம்தான் பெரிதாக இருந்தது. மருந்து கலக்கும் மாஸ்டரிடம் போய் நின்றார்.

"ஏனுங்க மாஸ்டர், சட்டையில இருந்த மருந்து எங்கீங்க போச்சு?"

"தண்ணியில கரைஞ்சு போச்சு."

"கரைஞ்சு எங்கீங்க போச்சு?"

டீ நேரத்தில் கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்றும் கேட்டார். கடைசியில் மாஸ்டர் தாங்கமாட்டாமல் சொன்னார்: "தண்ணியில பிரிஞ்சா அது உரம் மாதிரிங்க. பாசி தின்னு கொழுக்கும். அப்பறம் பாசி செத்து அழுகறப்ப, தண்ணியில இருக்கற காத்தெல்லாம் தீந்துபோகும். மீனு மூச்சு முட்டிச் சாகும். போதுங்களா? என்னைய உடுங்க."

அண்ணன் நேராகக் கம்பெனிக்குப் பின்னால் இருந்த குளத்துக்கு நடந்தார். நானும் போனேன். நாங்கள் துணி முக்கும் தொட்டியைக் கழுவுகிற தண்ணீரெல்லாம் ஒரு வாய்க்கால் வழியாக அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. குளம் பெயிண்ட் கொட்டியதுபோல் பச்சையாகக் கிடந்தது. ஓரத்தில் மீன்கள் மல்லாந்திருந்தன.

சில நாள் கழித்து ஈரோட்டிலிருந்து திரைச்சீலை வாங்க ஒரு பெரிய பார்ட்டி வந்தார். முதலாளி அறையில் அண்ணன் தீப்பெட்டியும் கையுமாக நின்றார். குச்சியைக் கிழிக்கவில்லை.

"என்னப்பா, பத்த வை."

"குளத்துக்குப் போற வாய்க்கால அடைச்சுப்போடுங்க மொதலாளி. அப்பறம் வெக்கறனுங்க."

"பார்ட்டி முன்னால பேசற பேச்சா இது?"

"தீப்புடிக்காதுன்னு சொல்லி விக்கறமுங்க. மீனு சாகும்னு சொல்லி விக்கறதில்லீங்களே."

முதலாளி தீப்பெட்டியைப் பிடுங்கித் தானே கிழித்தார். அவசரத்தில் குச்சிகள் ஒடிந்தன. ஒடியாத குச்சி விரலைச் சுட்டது. பார்ட்டி எழுந்து, "ஏனுங்க, மொதல்ல அவரு சொல்ற வேலையப் பாருங்க. நான் அப்பறமா வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

அண்ணனுக்கு அன்றே வேலை போயிற்று. ஆனால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேறு யாரும் துணியவில்லை. ஆர்டர்கள் படுத்துவிட்டன. கடைசியில் முதலாளியே காரில் போய் அண்ணனை அழைத்து வந்தார். வாய்க்கால் அடைபட்டது. தொட்டித் தண்ணீரில் நிறைய நல்ல தண்ணீர் கலந்து தென்னைகளுக்குப் பாய்ச்ச மாஸ்டர் வழி செய்தார். தென்னை செழித்ததும், அது தன் யோசனை என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். அண்ணன் அதை மறுக்கவே இல்லை.

குளம் லேசில் தெளியவில்லை. மழைகள் வந்து போய்த்தான் மறுபடி மீன் தென்பட்டது. அன்றிலிருந்து அண்ணன் மத்தியானம் குளக்கரைக்குப் போய்த் தன் தயிர்ச்சோற்றில் பாதியை அவற்றுக்குப் போட ஆரம்பித்தார். ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். சொன்னால் கேட்கிற மனிதரா? நான் வீட்டிலிருந்து தனியாக ஒரு டப்பாவில் சோறு கொண்டுவரத் தொடங்கினேன். மீனுக்கு என்று சொல்லித்தான் கொடுப்பேன்.