துருத்தியின் பை நாயனம்

யுத்த காலத்தில் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே குடியிருந்த ஜனங்களுக்கு இரண்டு பயம் இருந்தது. ஒன்று, ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்பது. இன்னொன்று, துருத்தி குழலை எடுப்பான் என்பது. ஜப்பான்காரன் கடைசி வரை எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. துருத்தி தினமும் விடியும்போதே வந்துவிடுவான்.

துருத்தி என்பது அவன் பெயர் இல்லை. பூந்தமல்லியில் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் ஒரு கொல்லன் பட்டறையில், உலைக்குக் காற்று அடிக்கும் துருத்தியை அமுக்கிக்கொண்டிருந்தவன். பெற்றவர்கள் வைத்த பெயரை ஒருமுறை கேட்டேன். "அத்த தெரிஞ்சிகினு நீ இன்னா செய்யப் போற? கூப்டா வர்றேன்ல?" என்றான். அதற்கப்புறம் கேட்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ரங்கூனுக்குக் கப்பல் ஏறுகிறேன் என்று கிளம்பி, துறைமுகத்திலேயே மூட்டை தூக்கி, அந்த வேலையும் நின்றுபோய், நடந்தே பூந்தமல்லி வந்து சேர்ந்திருந்தேன். வயிற்றில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. பட்டாளத்தில் வேளாவேளைக்கு ரொட்டி போடுகிறார்கள் என்றார்கள். வரிசையில் நின்றுவிட்டேன்.

எனக்கு முன்னால் நின்றவன்தான் துருத்தி. தோளில் ஒரு பெரிய ஸ்பானரைச் சாத்தி வைத்திருந்தான்.

"இது இன்னாத்துக்குடா?" என்று கேட்டார் ஆள் எடுக்க வந்த ஹவில்தார்.

"பைப்பு வேலைக்கு ஆளு எடுக்கறாங்கன்னு கொல்லரு சொன்னாரு. ஆவடில புச்சா தண்ணி பைப்பு போடறாங்களாமே."

"அடேய், இது ஊதற பைப்புடா!"

அவன் ஸ்பானரை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான். "ஊதுனா தண்ணி வந்துருமா?"

ஹவில்தார் அடிக்கக் கை ஓங்கிய நேரத்தில்தான் அந்த வாத்தியம் கூடாரத்திலிருந்து வெளியே வந்தது. அதை ஒரு வெள்ளைக்கார சார்ஜன்ட் கட்டி அணைத்துக்கொண்டு வந்தார். ஸ்காட்லாந்துக்காரர். சிவந்த மீசை, கட்டம் போட்ட பாவாடை. அன்றிலிருந்து அவர் எங்களுக்குப் பாவாடை துரை. அவருக்குத் தெரிந்த தமிழ் 'இன்னா', 'போடா' என்ற இரண்டு வார்த்தைகள். பட்டாளத்தை நடத்த அதுவே போதுமானதாக இருந்தது. மீதியை ஹவில்தார் மொழிபெயர்ப்பார்.

வாத்தியத்தின் பெயர் பேக்பைப். நாங்கள் வைத்த பெயர் பை நாயனம். கக்கத்தில் இடுக்கிக்கொள்ள ஒரு தோல் பை. அதில் காற்றை நிரப்ப வாயில் வைக்கும் ஒரு குழாய். விரல் வைத்து வாசிக்க ஒரு குழல். தோள்மேல் சாய்ந்துகொண்டு ஓயாமல் முனகுவதற்கு மூன்று குழல்கள். ஊதி ஊதிப் பையை நிரப்ப வேண்டும். மூச்சு வாங்கும் நேரத்தில் முழங்கையால் பையை அமுக்க வேண்டும். அப்போதுதான் சத்தம் அறுபடாமல் வரும். புதிதாக வந்தவர்கள் மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டுவார்கள். கேட்பதற்கு ஆட்டை அறுக்கிற மாதிரியே இருக்கும்.

துரை முகம் சிவக்க ஒருமுறை ஊதிக் காட்டினார். துருத்தி பையை விரலால் குத்திப் பார்த்தான். "இது துருத்திதானே? இத்த வெச்சிகினு ஏன் இந்த அழுவ அழுவறாரு?" என்று சொல்லி, துரையின் கையிலிருந்து வாங்கி, ஊதி, அமுக்கினான். கோடு போட்ட மாதிரி ஒரே சீராகச் சத்தம் வந்தது. துரை மீசையைத் தடவிக்கொண்டு, "இன்னா!" என்றார். அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது. என் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்ததால், டிரம் நன்றாகப் பொருந்துகிறது என்று பெரிய டிரம்மை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் விரல் முதலில் படியும், பை பிறகு படியும். துருத்திக்குப் பை பிறவியிலேயே படிந்திருந்தது. விரல்தான் பகை. துரை என்ன பாட்டுச் சொல்லிக் கொடுத்தாலும் ஒழுங்காகத்தான் ஆரம்பிப்பான். முடிக்கும்போது மட்டும் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகையில் அடிக்கிற மெட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பான். துரை பிரம்பால் தட்டுவார்.

"தப்புங்கறாருடா" என்பார் ஹவில்தார்.

"தப்பு இல்ல அண்ணாத்தே. இப்டி முடிச்சாத்தான் சாமி மலை ஏறும். இல்லாட்டி இங்கியே நின்னுகினு இருக்கும். அப்பால யாரு பதில் சொல்றது? அவரா?"

ஹவில்தார் இதை எப்படி இங்கிலீஷில் சொன்னாரோ தெரியாது. துரை பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "போடா" என்றார்.

எறும்பு விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். தோல் பை காற்று கசியாமல் இருக்க உள்ளே சர்க்கரைப் பாகு மாதிரி ஒன்றை ஊற்றிப் பிசைய வேண்டும். அது சீமையிலிருந்து வருவது. யுத்தத்தில் கப்பல் வரவில்லை. துருத்தி பூந்தமல்லிச் சந்தையில் வெல்லம் வாங்கிக் காய்ச்சி ஊற்றிவிட்டான். பை பாறை மாதிரி நின்றது. துரைக்குச் சந்தோஷம். எறும்புகளுக்கு அதைவிடச் சந்தோஷம்.

ஒரு பெரிய அதிகாரி அணிவகுப்பைப் பார்வையிட வந்தார். துருத்தி முதல் வரிசை. பை நிரம்பியதும் தோள்மேல் சாய்ந்திருந்த மூன்று குழல்களிலிருந்தும் செவ்வெறும்பு ஊர்வலமாக இறங்கி அவன் காது, கழுத்து, சட்டைக்குள் என்று குடியேறியது. அவன் அசையவில்லை. வாசிப்பை நிறுத்தவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. அதிகாரி அவன் முன்னால் நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தங்கள் ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பாட்டு இந்த இந்தியனை எவ்வளவு உருக்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நடுவுல ஒதறி உட்டிருக்கலாமேடா" என்றேன், அவன் முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே.

"எறும்புக்கோசரம் நிறுத்துனேன்னு நாளைக்கு எவனாவது சொல்லுவான் நைனா. நான் நிறுத்துறது நானா நிறுத்துனாத்தான் உண்டு."

இப்படிப்பட்டவனிடம்தான் நிறுத்து என்றார்கள்.

புதிதாக வந்த கேப்டனுக்குப் பட்டாளத்தில் ஆள் சேர்க்கும் வெறி. பாண்டு வாத்தியத்தோடு கிராமம் கிராமமாகப் போனால் வாலிபர்கள் மயங்கி வந்து சேர்வார்கள் என்று நினைத்தார். அப்படிப் போக வேண்டிய ஊர்களில் ஒன்று வெள்ளானூருக்கு அந்தப் பக்கம். பெயர் வேண்டாம், அந்த ஊர் மணியக்காரரின் பேரன்கள் இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள். அந்த ஊர்ச் சேரிதான் துருத்தி பிறந்த இடம். அவன் அப்பன் மணியக்காரரின் பண்ணையாள். துருத்தி சிறுவனாக இருந்தபோது செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்த் தெருவில் நடந்ததற்காகப் புளியமரத்தில் கட்டி அடித்திருக்கிறார்கள். அதை ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னான், போன வருஷம் மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி.

மணியக்காரர் வில்வண்டியில் வாழைத் தாரோடு முகாமுக்கு வந்தார். "எங்க பண்ணையாள் பெத்த புள்ள, பூட்ஸு போட்டுகினு, எங்க தெருவுல ஊதிகினு போவானா? ஊதக்கூடாது. மீறுனா ஊர்லேர்ந்து ஒரு ஆளு பட்டாளத்துக்கு வரமாட்டான்" என்றார்.

கேப்டனுக்கு ஆள் வேண்டும். ஒருவனை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்லவும் கூச்சம். ஆகையால், ஊர்த் தெருவில் ஒருவரும் ஊதக்கூடாது, டிரம் மட்டும் போதும், மீறுகிறவன் வாத்தியத்தை ஒப்படைத்துவிட்டுப் பட்டாளத்தை விட்டே வெளியே போக வேண்டியதுதான் என்று உத்தரவு போட்டார். எல்லாரும் துருத்தியைப் பார்த்தோம். கொல்லன் பட்டறை அதற்குள் மூடிவிட்டது. வெளியே போனால் அவனுக்கு இருந்தது அதே மணியக்காரரின் வயல்தான்.

துருத்தி சலாம் வைத்தான். அவன் எதற்கும் இவ்வளவு சுலபமாகச் சலாம் வைத்ததில்லை.

பிறகு சமையல் கொட்டகைக்குப் பின்னால் என்னைத் தனியாக இழுத்துப் போனான். "ஊதக்கூடாதுன்னுதானே சொன்னாங்கோ?"

"ஆமா."

"வேற இன்னா சொன்னாங்கோ?"

"வேற ஒண்ணியும் இல்ல."

"அது போதும் நைனா."

முனகுகிற மூன்று குழல்களில் இரண்டை மெழுகு வைத்து அடைத்தான். வாசிக்கும் குழலில் சத்தம் எழுப்பும் சீவாளியை மெலிதாகச் சீவினான். இனி கொஞ்சம் காற்று நெடுநேரம் தாங்கும்.

அந்த நாள் வந்தது. பாண்டு முழங்கிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தோம். தெரு முனையில் கேப்டன் கையைத் தூக்கியதும் எல்லாரும் குழலை இறக்கினார்கள். என் டிரம் மட்டும் தனியாக அடித்தது. இல்லை, தனியாக இல்லை. முன் வரிசையிலிருந்து ஒரு குழல் சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

மணியக்காரர் வீட்டுப் படியிலிருந்து குதித்து ஓடிவந்தார். "டேய்! ஊதாதன்னு சொன்னாங்களா இல்லியா?"

துருத்தி வாசித்துக்கொண்டே முகத்தை அவர் பக்கம் திருப்பினான். "ஊதல ஆண்டே. அமுக்கறேன்."

வாயை ஆவென்று திறந்து தெருவின் இரண்டு பக்கத்துக்கும் காட்டினான். முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. பாட்டு பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "ஐய, வாயே வெக்கலியே!" என்று சிரித்தது. கேப்டன் ஹவில்தாரைப் பார்க்க, ஹவில்தார், "ஊதவில்லை சார், உண்மைதான் சார்" என்றார்.

எனக்கு மட்டும் அவன் பை பின்னாலிருந்து தெரிந்தது. சூல் ஆடு மாதிரி உப்பியிருந்தது, மெதுவாக வற்றிக்கொண்டு வந்தது. தெருவோ நீண்டு கிடந்தது. பட்டாளம் நடப்பது என் டிரம்மின் கணக்குக்குத்தானே? நான் வேகத்தைக் கூட்டினேன். நடந்தவர்கள் எட்டி நடந்தார்கள். இன்னும் கூட்டினேன். ஓடினார்கள். துப்பாக்கியும் பூட்ஸுமாக ஒரு பட்டாளமே அந்தத் தெருவில் ரயில் மாதிரி ஓடியது. பாவாடை துரை பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மணியக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே ஓடினார்.

அப்படியும் போதவில்லை. தெரு முடிய இன்னும் சில வீடுகள் பாக்கி இருக்கும்போதே சத்தம் இழுத்தது, தொங்கியது, கம்மியது. துருத்தி நின்றான். எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் மோதி நின்றோம்.

"அவ்ளோதானா? காத்து பூட்ச்சா?" என்று மணியக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

துருத்தி கேப்டனைப் பார்த்தான். தன் பூட்ஸைப் பார்த்தான். பிறகு குழாயை வாய்க்குக் கொண்டுபோனான்.

"ரொம்ப நாளா அமுக்கிகினே இருந்துட்டேன். இப்ப ஊதறேன், மணியக்காரரே."

ஊதியதைவிட, 'ஆண்டே' போய் 'மணியக்காரரே' வந்ததுதான் அவருக்கு அதிகமாக உறைத்திருக்க வேண்டும். துருத்தி ஊதினான். ஓடவில்லை. சாவதானமாக நடந்தான். நானும் அதற்கேற்ற மாதிரி மெதுவாக அடித்தேன். தெரு முடிந்து வயல் வரப்பில் சேரி ஜனங்கள் நின்றிருந்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். கேப்டன் என்னென்னவோ கத்தினார். எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதது அன்று மிகவும் உதவியாக இருந்தது.

மறுநாள் விசாரணை. அவன் ஊதினானா என்று என்னைக் கேட்டார்கள்.

"டிரம் சத்தத்துல காதுல ஒண்ணும் விழல சார்."

"நீ எதுக்குடா அவ்ளோ வேகமா அடிச்ச?" என்றார் ஹவில்தார்.

"பசி சார்."

பாவாடை துரையைக் கேட்டார்கள். கடைசியில் வாசித்த மெட்டு தப்பு என்றும், மற்றது தன் இலாகா இல்லை என்றும் சொல்லிவிட்டார். துருத்தியைக் கேட்டார்கள். "ஊதுனேன்" என்றான். ஒரே வார்த்தை. வாத்தியம், பூட்ஸ், தொப்பி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள்.

நான் ஒரு பாஸ் கேட்டு வாங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"எங்க போற?"

"ஊட்டுக்கு. அம்மாவைப் பாத்துட்டு அப்பால எங்கியாவது போவணும்."

"ஏரிக்கரை மேல சுத்திகினு போனா சேரிக்கு நேராப் பூடலாமே."

"பூடலாம். நான் தெரு வழியாப் போறேன். நீ வேணா கரை மேல வா."

நான் கரை மேல் போகவில்லை. இருவரும் தெருவில் நடந்தோம். டிரம் இல்லாமல் என் காலுக்கு எப்படி நடப்பது என்றே தெரியவில்லை. துருத்திக்கு அந்தத் தொந்தரவு இல்லை. மணியக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நேராக வந்ததும் துருத்தி, கக்கத்தில் ஒன்றுமே இல்லாமல், இடது முழங்கையால் விலாவை ஒரு அமுக்கு அமுக்கினான். மணியக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ தெருக்களில் நடந்துவிட்டேன், பெரும்பாலும் தனியாக. அவன் பக்கத்தில் நடந்தபோது இருந்த அகலம் வேறு எந்தத் தெருவுக்கும் இருந்ததில்லை.