விதிப்படி ஒரு தெர்மோகோல் ஆலை

உலக விஞ்ஞான வரலாற்றை ஒழுங்காக எழுத யாராவது முன்வந்தால், எம். புதுப்பட்டி பட்டாசு அதிபர் சண்முகவேலுக்கு அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் பிரீத்திகாவின் பள்ளிக் கண்காட்சிக்காக அவர் செய்த 'சிறு உதவி' அப்பேர்ப்பட்டது.

பிரீத்திகா செய்ய நினைத்தது என்னவோ எலுமிச்சம்பழத்தில் குட்டி பல்பு எரிப்பதைத்தான். அதைக் கேட்டதும் சண்முகவேல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எம் மக எலுமிச்சம்பழத்தோட போய் நிக்கிறதா? சீஃப் கெஸ்ட்டா வர்றது யாரு தெரியுமா தாயி? பட்டாசுக் கம்பெனிகள ஆய்வு பண்ற அதிகாரி! நாம 'பாதுகாப்பான பட்டாசு ஆலை' வைக்கோம். மொதப் பரிசு நமக்குத்தான்."

உடனே மேல்மட்டக் கூட்டம் கூடியது. தச்சர் ஒருவர், எலக்ட்ரீசியன் ஒருவர், பேனருக்குச் சிவகாசி பிரஸ், மேற்பார்வைக்குக் கம்பெனி ஃபோர்மேன் இசக்கிப்பாண்டி. மாணவியின் பங்களிப்பும் இருக்க வேண்டுமே என்று, களிமண்ணில் தொழிலாளர் பொம்மை செய்யும் பொறுப்பு பிரீத்திகாவிடம் 'ஒப்படைக்கப்பட்டது'.

ஆலை தயாரானது. தெர்மோகோல் அறைகள், நடுவே விதி சொல்லும் இடைவெளி, வாசலுக்கு வாசல் மணல் வாளி, எந்தப் பக்கமும் ஓடித் தப்பக் கதவுகள். சண்முகவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஓர் ஆலையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

குனிந்து உள்ளே பார்த்தவர் அலறினார். "ஏலே இசக்கி, என்னலே இது?"

"நம்ம கம்பெனியில இருக்க மாதிரியே வச்சிருக்கேன் மொதலாளி. ரூமுக்கு எட்டுப் பேரு. எடம் பத்தாதவுக வேப்பமரத்தடியில."

"நாலு பேருக்கு மேல ஆகாதுன்னு சட்டம் இருக்குலே! ஏதாவது ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

"பொம்மைக்கா மொதலாளி?"

"பரிசுக்குலே!"

உபரி பொம்மைகள் அந்த நிமிடமே வெளியேற்றப்பட்டன. பாதுகாப்பு விஷயத்தில் சண்முகவேல் அவ்வளவு கறார்.

கண்காட்சி நாளில் அதிகாரி வந்து நின்றார். பிரீத்திகா மனப்பாடம் செய்ததைத் தங்குதடையின்றி ஒப்பித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா சார், எங்க கம்பெனியில ரூமுக்கு எட்டுப் பேரு இருப்பாக. இருளம்மா அக்காவுக்குக் கால நீட்டக்கூட எடமில்ல. வெடிச்சுச்சுன்னா எப்படி ஓடுவாக?"

சண்முகவேலின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பரிசு போனால் போகட்டும், லைசென்ஸ் போய்விட்டால்?

ஆனால் அதிகாரி பழுத்த அனுபவசாலி. இதற்கெல்லாம் அசருகிற ஆளா?

"பாப்பா, இந்த மாடல்ல ரூமுக்கு எத்தனை பேரு?"

"நாலு பேரு சார்."

"அவ்வளவுதான். மாடலைப் பத்தி மட்டும் பேசணும், என்ன?"

முதல் பரிசு அங்கேயே அறிவிக்கப்பட்டது. பிறகு அவர் சண்முகவேலின் தோளைத் தட்டி, "இந்த வருஷ ஆய்வுக்கு நான் வேற தனியா வரணுமாங்க? அதான் எல்லாத்தையும் கண்ணால பார்த்துட்டேனே!" என்றார்.

பிரீத்திகா கோப்பையைத் தொட மாட்டேன் என்று தேம்பித் தேம்பி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பாதுகாப்புக்கு முதல் பரிசு வாங்கிய கம்பெனி, ஆய்வும் நல்லபடியாக முடிந்துவிட்டது, இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? மறுநாள் காலையிலிருந்து அறைக்குப் பத்துப் பேர் உட்கார்ந்தார்கள்.