கொடைக்கானல் செடியும் ஒரு மீசையும்

"வாத்தியாரே, பொகையில எப்பக் காயப் போடப் போறீங்க?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டீக்கடை சாமிதுரை கேட்டதும் மரியசூசை வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது புகையிலையே இல்லை; கொடைக்கானல் கன்னியர் மடத்திலிருக்கும் தங்கை கொடுத்தனுப்பிய விதையில் முளைத்த செடி. முல்லீன் என்று பெயர். முதல் வருஷம் தரையோடு தரையாக இலைதான் விடுமாம். அடுத்த வருஷம் ஆள் உயரத்துக்குத் தண்டு எழும்பி மஞ்சளாய்ப் பூக்குமாம். இந்த வரதராசன்பேட்டை வெயிலில் அது பிழைத்ததே பெரும்பாடு. பூனைக்குட்டி காதுபோல மெத்தென்ற இலையைத் தெருவே வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனது.

"அடுத்த வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேத்துறதுக்குள்ள பூக்கலேன்னா என் மீசையை எடுத்துடறேன்யா!"

வாயைக் கொடுத்துவிட்டார். அந்த மீசை இல்லாவிட்டால் மூன்றாம் வகுப்பு அடங்காது. பந்தயத்தை மனைவியிடம் சொல்ல அவருக்குத் தைரியமில்லை.

மறுவருஷம் தண்டு எழும்பியது, மொட்டும் வைத்தது. பூவைத்தான் காணோம்.

கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினார். செடி சுவரைத் தாண்டி வளர்ந்தது. டீ குடிக்க வந்தவர்களெல்லாம் என்ன செடியென்று கேட்க, அதுவரை சாமிதுரை ஒருவருக்குத் தெரிந்த பந்தயம் ஊருக்கே தெரிந்துபோனது. ஜெயங்கொண்டம் பஸ் கண்டக்டர்கூடத் தலையை நீட்டி, "பூத்துருச்சா சார்?" என்று கேட்டான்.

ஏழு மணிக்கு எழுந்ததும் பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடியோடு செடியடியில் நிற்பது வாத்தியாரின் வழக்கமானது. நேற்றுப் பருத்திருந்த மொட்டுகள் இன்று மூளியாக நின்றன. அதெப்படி? ஆடுதான் கடிக்கிறது என்று கருவமுள் வெட்டி வேலி அடைத்தார். முதலில் கிழிந்தது அவர் வேட்டி. மறுநாள் மனைவி மதலேனம்மாளின் சேலை.

"நீ எதுக்கு அங்க போன?"

"செடி பூக்கணும்னு மாதாவுக்கு நேர்ந்திருக்கேன். கொடியேறுற வரைக்கும் என்னை ஒண்ணும் கேக்காதீங்க."

"நேர்ந்துக்கிட்டாப் பூத்துருமாக்கும்!"

மதலேனம்மாள் விடியற்காலைப் பூசைக்குத் தவறாமல் போய்வருகிறவள்; அவளிடம் தர்க்கம் செல்லாது.

கொடியேற்ற நாளும் வந்தது. சொன்ன சொல் சொன்னதுதான். சாமிதுரை கண்ணெதிரே சவரக்கடை வைரக்கண்ணுவின் கத்திக்கு மீசையைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த வேகத்தில் செடியை வேரோடு பிடுங்கிக் குப்பையில் எறிந்தார். அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் மூக்குக்குக் கீழே துண்டைப் பொத்திக்கொண்டு கோயிலுக்குப் போனார். மாதா காலடியில் ஒரு தட்டு நிறைய மஞ்சள் பூ. வாத்தியார் துண்டை விட்டுவிட்டு அதைக் கைநீட்டிக் காட்டினார்.

"பூத்தா இப்படியில்ல பூக்கணும்! யாரு வூட்டுப் பூ இது?"

துண்டு நழுவிய முகத்தைக் பீடத்தைக் கவனிக்கும் கோயில்பிள்ளை அமிர்தசாமி ஒரு கணம் அடையாளம் தெரியாமல் பார்த்தார்.

"அட, நம்ம வாத்தியாரா! ஒங்க வூட்டுதுதான் சார். செடி பூத்தா அம்புட்டுப் பூவும் மாதாவுக்கேன்னு நேர்ந்துக்கிட்டு, அம்மாதான் தெனம் விடியறதுக்குள்ள பறிச்சாந்து வெக்கிறாங்களே!"